ஏரி ஆறாக மாறும் இடம்: ஸ்டைன் அம் ரைன் நாட்குறிப்பு

வெள்ளி

ஸ்டைன் அம் ரைனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. பேருந்து வந்து நிற்கும். ஓவியம் தீட்டிய வீடுகளின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள், ஐஸ்கிரீம் வாங்குவார்கள், அப்படியே ரைன் அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். சுவிஸ் வரைபடத்தின் வடக்கு ஓரத்தில், ஜெர்மன் எல்லையைத் தொட்டுக்கொண்டு, சுமார் 3,500 பேர் வாழும் ஊர் இது. இந்தக் குறிப்புகள் இங்கே இரவு தங்குகிறவர்களுக்கு. சூரிச், விண்டர்தூர் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும் உதவும். அங்கிருந்து இது ஒன்றே கால் மணி நேரப் பயணம்கூட இல்லை.

சூரிச் மத்திய நிலையத்திலிருந்து விண்டர்தூர் வரை எந்த ரயிலிலும் வரலாம். அங்கே எஸ் 29 ரயிலுக்கு மாற வேண்டும். சாய்சாக், ஓசிங்கன், ஷ்டாம்ஹைம், எட்ஸ்வீலன் வழியாக முக்கால் மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்தால் எஸ் 1. அரை மணிகூட ஆகாது. நிலையத்தில் இறங்கியதும் ஊரைக் காணோமே என்று திகைக்க வேண்டாம். ரயில் நிற்பது ரைனின் தென்கரையில், பழைய ஊர் இருப்பது வடகரையில். இறக்கத்தில் நடந்து பாலத்தைக் கடந்தால் பத்து நிமிடம். சக்கரப் பெட்டி வைத்திருப்பவர்கள் பாலம் வரை சுகமாக இழுத்து வரலாம். அதற்கப்பால் பழைய ஊர் முழுக்கக் கற்பாவு தளம், சின்னச் சக்கரம் தாங்காது. காரில் வருகிறவர்கள் பழைய ஊருக்கு வெளியே உள்ள நிறுத்துமிடங்களிலேயே விட்டுவிடுவது நல்லது.

அந்தப் பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்று கிழக்கே பாருங்கள். அகன்று கிடப்பது உண்டர்சே, போடன்சே எனும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் கீழ்ப்பகுதி. மேற்கே திரும்பினால் குறுகி ஓடுவது ரைன் ஆறு. ஏரி ஆறாக மாறும் வாய் இதுதான். ஊர் இங்கே எழுந்ததற்கும், இன்றும் இங்கே கப்பல், மீன், நீச்சல், நிலவறை எல்லாம் எப்படி இருக்கிறது என்பதற்கும் காரணம் அந்த வாயில்தான் இருக்கிறது. ஓவிய வீடுகள் சூழ்ந்த சதுக்கத்துக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

போடன்சேயின் நீர்மட்டத்தை எந்த மதகும் கட்டுப்படுத்துவதில்லை. சுவிட்சர்லாந்தின் பெரிய ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளிவாயில் தடுப்பு உண்டு, இதற்கு இல்லை. ஆல்ப்ஸில் பனி உருகும் ஜூன், ஜூலையில் ஏரி உயரும். குளிர்கால முடிவில் மிகத் தாழும். சாதாரண ஆண்டிலேயே இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் அளவு வித்தியாசம் வரும். பிப்ரவரியில் வந்தவர் பார்த்த கூழாங்கல் கரை ஜூலையில் வந்தவருக்கு இருக்காது.

இங்கே வெள்ளம் வருகிற விதமும் வேறு. மலை ஓடைபோல ஓர் இரவில் பாய்ந்து வந்து காலையில் வடிந்துவிடாது. அவ்வளவு பெரிய ஏரி நிரம்பிக் கசிவதால் நாளுக்குச் சில சென்டிமீட்டராக ஏறும். ஏறியபின், விருந்துக்கு வந்து ஊர் திரும்ப மனமில்லாத சம்பந்தியைப்போல வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். 1999 மே, ஜூனில் ஏரிக்கரை நகரமான கான்ஸ்டன்ஸின் அளவுகோல் 5.65 மீட்டர் வரை போனது. அப்படிப்பட்ட நாட்களில் கரையோர வீடுகளின் தொல்லை நீரின் வேகத்தால் வருவதில்லை, அது தங்கும் காலத்தால் வருகிறது. நிலவறைச் சுவர் வாரக்கணக்கில் ஊறுகிறது, உப்பு மேலே ஏறுகிறது, சுண்ணச் சாந்து உதிர்கிறது. மணல் மூட்டை அடுக்குவதைவிட, வடிந்தபின் மாதக்கணக்கில் காற்றோட்டம் கொடுத்துச் சுவரைக் காயவிடுவதே பெரிய வேலை.

நீர்மட்டம், நீர் வரத்து, வெப்பநிலை மூன்றையும் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அலுவலகம் இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. ஏரிக்குப் பெர்லிங்கன் அளவு நிலையத்தையும், ஆற்றுக்கு நோய்ஹவுசன் நிலையத்தையும் பாருங்கள். கப்பலோ நீச்சலோ திட்டத்தில் இருந்தால் வானிலைச் செயலிக்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

இரவு உணவுக்கு ஒரு குறிப்பு. கரையோர உணவகங்களில் ஃபெல்ஷன் என்ற வெள்ளை மீன்தான் முதல் வரியில் இருக்கும். வெண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கோடு தருவார்கள். ஆனால் ஏரியில் ஃபெல்ஷன் மிகவும் குறைந்துவிட்டது. மேல் ஏரியான ஓபர்சேயில் 2024 தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அதைப் பிடிக்கத் தடை. எனவே தட்டில் வருவது வேறு நாட்டு மீனாகவும் இருக்கலாம். மீன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உணவகம் சொல்லியாக வேண்டும் என்பது சுவிஸ் சட்டம். உணவுப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு: இந்த வட்டாரத்தின் வெங்காயப் பணியாரம் போன்ற பொல்லெத்யூனெவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பார்கள். 'ஓனே ஷ்பெக்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சனி

சதுக்கத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன் பார்த்துவிட வேண்டும். பத்தரைக்கு மேல் முதல் பேருந்துக் கூட்டம் வரும். மாலை ஐந்துக்குப் பிறகுதான் மறுபடி மூச்சு விட இடம் கிடைக்கும். இன்று சனிக்கிழமை என்பதால் இன்னும் நெரிசல்.

எல்லா ஓவியமும் இடைக்காலத்தது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லாமல் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. உண்மையில் பழையது 'வெள்ளைக் கழுகு' என்ற வீட்டின் முகப்பு; 1520களைச் சேர்ந்தது, தோமஸ் ஷ்மிட் வரைந்தது என்று கருதப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் எஞ்சியிருக்கும் மறுமலர்ச்சிக்கால முகப்போவியங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. மற்ற பல முகப்புகள் 1900ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் தீட்டப்பட்டவை. ராட்ஹவுஸ் எனும் நகர்மன்றக் கட்டடம் 1540 வாக்கில் எழுந்தது, அதன் மேலுள்ள ஊர் வரலாற்றுக் காட்சிகள் 19ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில் வந்தவை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பழைய வழக்கத்தை ஊர் நானூறு ஆண்டுக்குப் பின் மறுபடி கையில் எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் வித்தியாசம் தெரிந்து பார்த்தால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. பழைய ஓவியத்தில் உருவங்கள் கட்டங்களுக்குள் நெருக்கமாக, ஒவ்வொன்றும் ஒரு கதையாக இருக்கும். புதியவற்றில் மனிதர்கள் நாடக மேடையில் நிற்பதுபோல விரிந்து நிற்பார்கள்.

இந்த ஓவியங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது கட்டடத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சுவையான விஷயம். ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் வரைந்தால் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும்போது நிறமும் அதற்குள்ளேயே பூட்டப்படுகிறது. 1878இல் கைம் என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற சிலிகேட் சாயம் வந்தபின், காய்ந்த சாந்தின்மேலும் அதேபோல் நிற்கும் நிறம் சாத்தியமானது; பொட்டாசியம் சிலிகேட் சாந்தோடு வேதியியலாகப் பிணைகிறது, மேலே தோலாகப் படிவதில்லை. சுவர் மூச்சு விடலாம். எண்ணெய்ச் சாயமோ பிளாஸ்டிக் சாயமோ பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளித்து உரிந்துவிடும். சிமெண்ட் பூச்சு அதைவிட மோசம்: ஈரத்தை அடைத்துப் பக்கத்துப் பழைய சாந்துக்குள் தள்ளிவிடும். ஆற்றங்கரை ஊரில் தரையிலிருந்து ஈரம் ஏறுவது நிற்காது. ஓவியங்கள் பெரும்பாலும் முதல் மாடியிலிருந்து தொடங்குவதையும், கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டிருப்பதையும் நின்று கவனியுங்கள். ஈரம் கீழிருந்து எட்டாது, மழை மேலிருந்து அடிக்காது. வீட்டு முகப்பிலிருந்து பெட்டிபோல வெளியே நீட்டிய எர்க்கர் சாளரங்களையும் விட்டுவிடாதீர்கள். கடையில் இருந்தபடியே தெருவின் இரு முனையையும் பார்க்க வணிகனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

வணிகம் என்று சொன்னதும் மறுபடி தண்ணீர்தான். ஏரி வழியே வந்த சரக்கு இங்கே ஆற்றுப் படகுக்கு மாறியது. தெற்கு வடக்காகப் போன தரைவழி இங்கே பாலத்தில் ஆற்றைக் கடந்தது. இரண்டு வழியும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சுங்கம் வாங்கியவர்கள் பணக்காரர் ஆனார்கள். 1457இல் ஊரார் தங்கள் பிரபுக்களிடமிருந்து ஊரையே விலைக்கு வாங்கித் தாங்களே தங்களை விடுவித்துக்கொண்டார்கள். அந்தச் சுமை தாங்காமல் 1484இல் சூரிச்சின் பாதுகாப்புக்குள் போனார்கள். 1798 வரை அப்படி. 1803 முதல் ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில். இரயில் வந்தபின் நீர்வழி வணிகம் வற்றியது. ஊரில் இடித்துக் கட்டப் பணம் இல்லாத அந்தக் காலம்தான் பழைய வீடுகளைக் காப்பாற்றியது என்பது எங்கள் கணிப்பு.

சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் கரையில் புனித ஜார்ஜ் மடம். பெனடிக்டைன் துறவியர் முதலில் இருந்தது பக்கத்து ஜெர்மனியில், ஹோஹென்ட்வீல் என்ற எரிமலைக் குன்றின் உச்சியில். 1007ஐ ஒட்டி இரண்டாம் ஹென்றி பேரரசர் அவர்களை இங்கே ஆற்றங்கரைக்கு மாற்றினார். கட்டாயம் பார்க்க வேண்டியது விழா மண்டபம். கடைசி மடாதிபதி டேவிட் வான் விங்கெல்ஸ்ஹைம் 1515, 1516இல் வரையச் செய்தது. தோமஸ் ஷ்மிட்டும், புகழ்பெற்ற ஓவியர் இளைய ஹோல்பைனின் அண்ணன் அம்ப்ரோசியஸ் ஹோல்பைனும் வேலை செய்தார்கள். துறவியர் மடத்தில் ஏசுவின் வாழ்வை எதிர்பார்த்துப் போனால் ரோமாபுரியும் கார்த்தேஜும் போரிட்டுக்கொண்டிருக்கும். ஒரு சுவரில் சூர்ட்சாக் என்ற ஊரின் சந்தை. அக்காலத்து வாங்கல் விற்றல் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி. அந்த ஓவியம் காய்ந்து பத்தாண்டு ஆகுமுன் சமயச் சீர்திருத்தம் வந்து மடம் மூடப்பட்டது. மடாதிபதி ராடோல்ஃப்செல்லுக்குத் தப்பிப்போய் 1526இல் இறந்தார். பின்னாளில் ஃபெர்டினான்ட் ஃபெட்டர் என்ற பேராசிரியர் அந்தக் கட்டடத்தைக் கைவிடாமல் சீர்செய்தார். 1926இல் அது கூட்டாட்சி அரசின் கைக்கு வந்தது.

மடத்தின் அருங்காட்சியகம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும், செவ்வாய் முதல் ஞாயிறு வரை, பத்து முதல் ஐந்து மணி வரை திறந்திருக்கும். திங்கள் விடுமுறை, வாசலில் நின்று ஏமாறுகிறவர்கள் எப்போதும் உண்டு. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, ஓவியங்கள் பெரும்பாலும் சாம்பல் வண்ணத்தில். வெளியே வெயிலில் இருந்து நேராக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மேற்குக் கோடியில் உண்டர்டோர் எனும் வாயில் கோபுரம் நிற்கிறது. இன்று நிற்பது போருக்குப் பின் மீண்டும் எழுப்பியது. 1945 பிப்ரவரி 22 அன்று அமெரிக்க விமானங்கள் இந்த நடுநிலை நாட்டு ஊரின்மேல் தவறுதலாகக் குண்டு வீசின. ஒன்பது பேர் இறந்தார்கள். ரைனின் வடகரையில், ஜெர்மனி முட்டிக்கொண்டிருக்கும் இந்த மாநிலத்துக்கு எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் தெளிவு. மேலேயிருந்து பார்த்த விமானிக்கு ஆறு தாண்டினால் ஜெர்மனி. ஸ்டைன் ஆறு தாண்டித்தான் இருக்கிறது. அழகான தெரு என்று மட்டும் பார்த்து நடப்பவர்கள் அந்த வாயிலின்கீழ் ஒரு நிமிடம் நிற்கலாம்.

1972இல் சுவிஸ் மரபுக் காப்புச் சங்கம் தன் வாக்கர் பரிசை முதன்முதலாகக் கொடுத்தது இந்த ஊருக்கு. ஊரின் அமைப்பைப் பேணி நல்ல முறையில் வளர்ப்பதற்காக இன்றுவரை ஆண்டுதோறும் தரப்படும் பரிசு அது. பரிசு பெருமை தரும், சாந்து பூசப் பணம் தராது. அந்த இடத்தில் விண்ட்லர் குடும்பம் வருகிறது. ஜேக்கப், எம்மா என்ற உடன்பிறப்புகள் இருவரும் தங்கள் சொத்தை ஓர் அறக்கட்டளையாக விட்டுச் சென்றார்கள். அதில் சாண்டோஸ் மருந்து நிறுவனப் பங்குகள் இருந்தன. அந்த நிறுவனம் பின்னர் நோவார்டிஸ் ஆயிற்று. சின்ன ஊரின் பண்பாட்டுக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் அந்த அறக்கட்டளை பெரிய தூண். அவர்கள் வீடுதான் இன்று லிண்ட்வுர்ம் அருங்காட்சியகம். 19ஆம் நூற்றாண்டு நடுத்தர வணிகக் குடும்பத்தின் வரவேற்பறை, சமையலறை, வேலைக்காரர் அறை, பின்கட்டில் தொழுவமும் வைக்கோல் பரணும் அப்படியே. மடத்தைவிட இது எங்களுக்குப் பிடித்தது. முன்கட்டு நகரம், பின்கட்டு கிராமம் என்று ஒரே வீட்டில் இரண்டையும் காணலாம். குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

ஊரை நடத்துகிறவர்கள் யார் என்று கேட்டால்: ஐந்து பேர் கொண்ட நகர ஆட்சிக்குழு, அதன் தலைவராக நகரத் தலைவர், பதின்மூன்று பேர் கொண்ட சிறு மன்றம். மன்ற உறுப்பினர்களுக்கு வேறு தொழில் உண்டு. காலையில் ரொட்டி விற்றவரோ பாடம் நடத்தியவரோ மாலையில் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்குவார். இந்த மாநிலத்தில் ஒரு விசேஷம்: நாட்டிலேயே இங்கே மட்டும்தான் வாக்களிப்பது கட்டாயம். 65 வயதுக்குக் கீழே இருந்து காரணம் சொல்லாமல் விட்டால் 6 பிராங் அபராதம். வாக்களிக்க மனமில்லாதவர் வாக்கு அட்டையைத் தேர்தல் முடிந்த மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். ஆறு பிராங்குக்கு இங்கே ஒரு காப்பிதான் கிடைக்கும். ஆனாலும் வாக்குப்பதிவில் ஷாஃப்ஹவுசன் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது.

ஊரார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. 1478இல் துரோகிகள் சிலர் இரவில் வாயிலைத் திறந்து எதிரிகளை உள்ளே விடத் திட்டமிட்டார்கள். விடியுமுன் அடுப்பு மூட்ட எழுந்த ரொட்டிக்கடைப் பையன், இருட்டில் 'நோ எ வீலி', அதாவது 'இன்னும் கொஞ்ச நேரம்', என்று கிசுகிசுத்த குரலைக் கேட்டுச் சத்தம் போட்டு ஊரை எழுப்பினான். பல ஆண்டு இடைவெளியில் ஊரார் நூற்றுக்கணக்கில் சேர்ந்து இதைச் சதுக்கத்திலேயே நாடகமாகப் போடுகிறார்கள். டிசம்பரில் வந்தால் நாடகம் இல்லாவிட்டாலும் மேர்லிஷ்டாட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும்.

சனிக்கிழமை மாலைக்குள் மளிகை வாங்கிவிடுங்கள். ஞாயிறு பெரிய கடைகள் திறக்காது. குடிநீர் வாங்க வேண்டாம். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாத பொது நீரூற்று எல்லாமே குடிக்கத் தகுந்தது.

ஞாயிறு

இன்று முழுக்க ஆறு.

இந்த இடத்து ரைன் ஏன் இவ்வளவு தெளிவாக, பச்சைக் கண்ணாடிபோல இருக்கிறது? ஆல்ப்ஸிலிருந்து சேறும் மணலுமாக வரும் நீர் அந்த வண்டலை எல்லாம் ஏரியின் மேல்முனையிலேயே போட்டுவிடுகிறது. இங்கே வெளியேறுவது ஏரியின் மேற்பரப்பு நீர். அதனால் தெளிவு, அதனாலேயே ஒரு கேடும். ஏரியின் மேல்தட்டு வெயிலில் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு சூட்டோடு ஆறும் ஓடுகிறது. நீச்சலுக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், எஷே என்ற மீனுக்கு மரணம்.

எஷே குளிர்ந்த, ஓட்டமுள்ள, கூழாங்கல் அடித்தளமுள்ள நீரை விரும்பும் மீன். ஸ்டைனுக்கும் ஷாஃப்ஹவுசனுக்கும் இடையிலான ஆறு, ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற எஷே வாழிடங்களுள் ஒன்று. நீர் 23 பாகை தாண்டினாலே அது திணறத் தொடங்கும். 25ஐத் தாண்டி நீடித்தால் சாகும். 2003 கோடையில் சுமார் 50,000 எஷேக்கள் செத்து மிதந்தன. 2018இல் மறுபடி வெப்பம் தாக்கியபோது மீனவரும் தொண்டர்களும் முன்கூட்டியே ஓடை முகத்துவாரங்களில் குளிர்நீர்க் குட்டைகளை ஆழப்படுத்தி வைத்தார்கள். நிலத்தடி நீர் ஊறும் இடங்களில் மீன்கள் ஒதுங்கின. வெப்ப நாட்களில் அப்படிப்பட்ட இடங்களில் குளிக்கவோ நாயை இறக்கவோ கூடாது என்று பலகை இருக்கும். சும்மா வைத்த பலகை அல்ல. ஒதுங்கிய மீனை ஒருமுறை கலைத்தால் அது சூடான நடு ஆற்றுக்குப் போகிறது, திரும்புவதில்லை.

இங்கத்துப் படகு வைட்லிங். அடி தட்டையான மரப்படகு, ஒன்பது பத்து மீட்டர் நீளம், இரு முனையும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அடிமரம் இல்லாததால் முழங்காலளவு நீரிலும் போகும். கீழ்நோக்கிப் போக ஒரு துடுப்பு போதும். மேல்நோக்கி ஏறத்தான் வித்தை வேண்டும். நடு ஆற்றை விட்டுக் கரையை ஒட்டி, ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, ஷ்டாகல் என்ற இரும்பு முனைக் கழியை அடியில் ஊன்றித் தள்ள வேண்டும். கழியை உடம்புக்கு முன்னால் ஊன்றினால் படகு நின்றுவிடும். பின்னால் சாய்வாக ஊன்றி, நடை நடையாகத் தள்ளி, கழி மாட்டிக்கொள்ளுமுன் சற்றே திருகி எடுக்க வேண்டும். திருகாமல் இழுக்கிற புதியவர் கழியோடு நின்றுவிடுவார், படகு மட்டும் போய்விடும். மூக்கு நடு ஆற்றுப் பக்கம் சற்றே திரும்பினாலும் ஓட்டம் அதைப் பிடித்துச் சுழற்றிவிடும். ஞாயிறு காலைகளில் படகுச் சங்கத்துப் பிள்ளைகள் இதைப் பழகுவதைக் கரையிலிருந்து பார்க்கலாம்.

ஆற்றில் பச்சையும் வெள்ளையுமான பலகை தாங்கிய மரக்கம்பங்கள் நிற்கும். விஃபே என்பார்கள். பச்சைப் பக்கம் போகத் தகுந்த ஆழம், வெள்ளைப் பக்கம் மேடு. படகோட்டிக்கு உதவும் இதே கம்பம்தான் நீந்துகிறவருக்கும் மிதவைப் படகுக்கும் முதல் ஆபத்து. ஓட்டம் நேராகக் கம்பத்தை நோக்கி இழுக்கும்; மோதினால் ரப்பர் படகு கம்பத்தில் சுற்றிக்கொள்ளும், நீரின் அழுத்தத்தில் பிரித்தெடுக்க முடியாது. கட்டி நிற்கும் படகுகளும் பாலத் தூண்களும் அப்படியே. கிட்டே வந்தபின் விலக நினைத்தால் நேரமில்லை. ஐம்பது மீட்டர் முன்பே பக்கவாட்டில் துடுப்புப் போட ஆரம்பிக்க வேண்டும்.

கோடையில் ஸ்டைனிலிருந்து ரப்பர் படகில் மிதந்து போவது ஊர்ப் பழக்கம். முதல் தடவை போகிறவர்கள் டீசன்ஹோஃபன் வரை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் அளவு, நீர் நிறைந்த ஜூலையில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். அங்கே கரையேறி, காற்றைப் பிடுங்கிச் சுருட்டி, ரயிலில் திரும்பலாம். ஷாஃப்ஹவுசன் வரை என்றால் இன்னும் அதே அளவு தூரம். கீழே போகப்போக நீர்மின் நிலையத்தின் தேக்கத்தால் ஓட்டம் மந்தமாகிக் கை வலிக்கத் துடுப்புப் போட வேண்டிவரும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் கிளம்ப வேண்டாம். ஆறு மேற்கே ஓடுகிறது, காற்று எதிரே வருகிறது, காற்றடைத்த படகு பாய்மரம்போல அதை வாங்கிக்கொள்ளும். நீர் கீழே இழுத்தாலும் படகு நகராது.

எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, பம்பு, தண்ணீர், நீர் புகாத பை, கால் வெட்டுப்படாமல் காக்கும் நீர்ச்செருப்பு. செருப்பு ஆடம்பரமில்லை. 2016இல் இந்த ஏரிக்கு வந்த குவாகா சிப்பி இப்போது கற்களை எல்லாம் மூடிக்கிடக்கிறது. ஓடு சவரக் கத்திதான். அந்தச் சிப்பி வேறு ஏரிக்குப் பரவாமலிருக்கப் படகைக் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகே இன்னொரு நீர்நிலையில் இறக்க வேண்டும். படகின்மேல் உரிமையாளர் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். ஆளில்லாத படகு மிதந்து வந்தால் மீட்புப் படை தேடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று படகுகளைக் கயிற்றால் பிணைக்கவே கூடாது. கம்பத்தின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று போனால் நடுவில் கயிறு மாட்டி எல்லாமே கவிழும். இந்த ஆற்றின் பெரும் விபத்துகளுக்கு அந்தக் கயிறு போதும்.

பயணக் கப்பல் வந்தால் நீங்கள்தான் விலக வேண்டும். குறுகிய ஆழத்தடத்தை விட்டு அதனால் நகர முடியாது. கரைப்பக்கம் ஒதுங்கி, அலை வரும்போது படகின் மூக்கை அலைக்கு நேரே வையுங்கள். வழியில் வலப்பக்கம் ஜெர்மனி, பின் சுவிஸ், பின் மறுபடி ஜெர்மனி என்று மாறும். சுற்றிலும் சுவிஸ் சூழ்ந்த ஜெர்மன் கிராமமான பியூசிங்கனும் அப்பால் வரும்; அங்கே பெரும்பாலும் சுவிஸ் பிராங்கே புழங்கும். கரையேறத் திட்டமிருந்தால் கடவுச்சீட்டோ வதிவிட அட்டையோ நீர் புகாத பையில் இருக்கட்டும்.

ஊரிலேயே குளிப்பவர்கள் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டாம். முதலில் கரையோடு நடந்து எங்கே வெளியேறுவது என்று பார்த்துவிட்டு, மேலே வந்து இறங்குங்கள். கோடைத் தொடக்கத்தில் ஆழமற்ற தேங்கு நீரில் நின்றால் உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும். நீர்ப்பறவைகளைத் தேடும் ஒரு நுண்புழு வழிதவறி மனிதத் தோலில் நுழைவதால் வருவது. ஆபத்தில்லை, அரிப்பு தாங்காது. ஓட்டமுள்ள இடத்தில் குளித்து, ஏறியவுடன் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தப்பலாம்.

திங்கள்

மடம் மூடியிருக்கும் நாள். மலைக்குப் போக ஏற்ற நாள்.

ஊருக்கு மேலே ஹோஹென்கிளிங்கன் கோட்டை. திராட்சைத் தோட்டம் வழியே ஏறி, பிறகு காட்டுக்குள் போகிறது பாதை. ஊரிலிருந்து இருநூறு மீட்டர் அளவு ஏற்றம், நிதானமாக நாற்பது நிமிடம். திராட்சை பெரும்பாலும் பிளவ்பர்குண்டர், இந்த மாநிலத்தின் சிவப்பு ஒயினுக்கு உரியது. 13ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட கோட்டை இன்றும் ஊருக்குச் சொந்தம். உள்ளே உணவகம் இருக்கிறது. காற்றுத் தெளிவான நாளில் தென்கிழக்கே 2,502 மீட்டர் உயர ஸென்டிஸ் தெரியும். எங்களுக்கு அதைவிட முக்கியம் நேர் கீழே தெரிவது: ஏரி குறுகி, தீவுகளுக்கிடையே புகுந்து, பாலத்தின்கீழ் ஆறாகும் இடம் முழுதும் ஒரே பார்வையில். மழைக்கு மறுநாள் காட்டுப்பாதை வழுக்கும், கார்ப்பாதையில் இறங்குங்கள்.

பிறகு பாலம் கடந்து தென்கரை. பர்க் என்ற மேட்டில் ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றி ரோமானியக் கோட்டைச் சுவர். கி.பி. 300ஐ ஒட்டி, டயோக்ளீஷியன், மாக்சிமியன் காலத்தில் ஆற்று எல்லையைக் காக்கக் கட்டிய டாஸ்கேடியம். அனுமதிச் சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. வடகரையில் ஆயிரம் பேர் படமெடுத்துக்கொண்டிருக்க, அந்த ஊரைவிட எழுநூறு ஆண்டு மூத்த சுவர் இங்கே தனியாக நிற்கிறது.

அங்கிருந்து கிழக்கே கரையோடு நடந்தால் எஷென்ஸ். மரப்பாலம் ஒன்று நீருக்குமேல் நீண்டு வெர்ட் தீவுக்குப் போகிறது. மாநிலம் மாறிவிட்டது, இது துர்காவ். புனித கல்லன் மடத்தின் முதல் அதிபர் ஓட்மார் கைதியாக வைக்கப்பட்டு 759இல் இறந்தது இங்கே. இன்று பிரான்சிஸ்கன் துறவியர் இருக்கிறார்கள். கற்காலத்தில் மரக்கால்மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்களின் தடயங்களும் இந்தத் தீவைச் சுற்றி உண்டு. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆல்ப்ஸ் வட்டாரத்தின் 111 இடங்களில் இதுவும் ஒன்று. தீவில் மெதுவாகப் பேசுங்கள், குளிக்க இறங்காதீர்கள். அது ஒரு மடத்தின் முற்றம்.

திரும்பும் வழி கப்பல். ஷாஃப்ஹவுசனுக்கு இறங்குமுகமாக ஒன்றேகால் மணி. அங்கிருந்து ஏறுமுகமாக வந்தால் இரண்டு மணி அளவு. நேரம் இல்லாதவர்கள் இறங்குமுகத்தில் போய் ரயிலில் திரும்புங்கள். அரைக்கட்டண அட்டை செல்லும். பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. முன்னும் பின்னும் நாள் குறைவு, அட்டவணை பார்த்துக்கொள்ள வேண்டும். டீசன்ஹோஃபனில் 1816இல் கட்டி முடித்த மூடிய மரப்பாலம் மிகத் தாழ்ந்தது. கப்பல் அதை நெருங்கும்போது மாலுமி அறையின் கூரையே கீழிறங்கும். மேல்தளத்தில் இருப்பவர்களை உட்காரச் சொல்வார்கள், படம் எடுக்க எழுந்து நிற்க வேண்டாம்.

நீர் அதிகம் ஏறினால் அந்தப் பாலத்தின்கீழ் கப்பலுக்கு இடம் இருக்காது, மிகக் குறைந்தால் மேடு தட்டும். இரண்டு நிலையிலும் பாதையின் ஒரு பகுதியை நிறுத்திவிடுவார்கள். காலையில் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். துறையில் சீட்டு வாங்கும்போது 'இன்று ஷாஃப்ஹவுசன் வரை போகிறதா?' என்று ஒருமுறை கேட்டும் விடுங்கள். போகவில்லை என்றால் பத்து நிமிடம் நடந்து பாலம் தாண்டினால் எஸ் 1.